முதுகெலும்புப் பக்கவளைவும் விரல்நுனி பாலே நடனமும்

முதுகெலும்புப் பக்கவளைவு என்பது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, அதனுடன் தன் அச்சிலும் முறுக்கிக்கொள்ளும் நிலை ஆகும். மருத்துவத்தில் இது ஸ்கோலியோசிஸ் என அழைக்கப்படுகின்றது. விரல்நுனி நடனம் என்பது கெட்டியான முனை கொண்ட சிறப்புக் காலணியை அணிந்து, உடலின் முழு எடையையும் கால்விரல்களின் நுனியில் தாங்கி ஆடும் பாலே நடன முறை ஆகும். பிரெஞ்சு மொழியில் இது புவாந்த் எனப்படும்.

பெண் குழந்தைகளில் பக்கவளைவு விரைவாக அதிகரிக்கக்கூடிய வயதும், பாலே மாணவிகள் விரல்நுனி நடனத்தைத் தொடங்கும் வயதும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைகின்றன. இதனால் பக்கவளைவு உள்ள ஒரு மாணவி விரல்நுனி நடனம் தொடங்கலாமா என்ற கேள்வி பெற்றோர், நடன ஆசிரியர், மருத்துவர் ஆகிய மூவருக்கும் எழுகின்றது. பக்கவளைவு இருப்பது மட்டுமே இந்நடனத்துக்குத் தடையாகக் கருதப்படுவதில்லை. வளைவின் அளவு, எஞ்சியுள்ள எலும்பு வளர்ச்சி, உடற்பகுதித் தசைகளின் வலிமை, கால்களின் கட்டுப்பாடு, போதிய உணவு ஆகியவற்றைக் கொண்டே முடிவு எடுக்கப்படுகின்றது.

பக்கவளைவின் இயல்பு

இயல்பான முதுகெலும்பைப் பின்புறமிருந்து பார்த்தால் அது நேர்கோடாகத் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் கழுத்திலும் இடுப்பிலும் முன்னோக்கிய வளைவும், மார்புப் பகுதியில் பின்னோக்கிய வளைவும் காணப்படும். பக்கவளைவு உள்ளவர்களில், பின்புறமிருந்து நேர்கோடாகத் தெரியவேண்டிய முதுகெலும்பு ஒரு பக்கமாகவோ, மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப்பக்கமுமாகவோ வளைந்திருக்கும். முள்ளெலும்புகள் முறுக்கிக்கொள்ளும்போது அவற்றுடன் இணைந்த விலா எலும்புகளும் திரும்புவதால் முதுகின் ஒரு பக்கம் மேடாகின்றது. எனவே இது வெறும் பக்கவாட்டுச் சாய்வு அன்று. முப்பரிமாண மாற்றம் ஆகும்.

பக்கவளைவில் பல வகைகள் உள்ளன. பிறவியிலேயே முள்ளெலும்புகள் சரியாக உருவாகாமை, தசை அல்லது நரம்பு நோய்கள் ஆகியவற்றால் சில வகைகள் ஏற்படுகின்றன. ஆயினும் 10 வயதுக்கு மேல், வளர்ச்சி முடிவதற்கு முன், காரணம் அறியப்படாமல் தோன்றும் வகையே மிகவும் பரவலானது. வளரிளம் பருவத்தினரில் சுமார் 2 முதல் 3 விழுக்காட்டினரிடம் இது காணப்படுகின்றது. சிறிய வளைவுகள் ஆண், பெண் இருபாலரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் உள்ளன. மருத்துவம் தேவைப்படும் பெரிய வளைவுகள் பெண்களிடமே மிகுதி. ஒரே குடும்பத்தில் பலருக்கு இது வருவதுண்டு. கனமான புத்தகப்பையைச் சுமப்பதாலோ, கூனி உட்காருவதாலோ இவ்வகைப் பக்கவளைவு ஏற்படுவதில்லை.

கோப் கோணம்

வளைவின் அளவைக் குறிக்கக் கோப் கோணம் பயன்படுகின்றது. அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஜான் ராபர்ட் கோப் 1948 ஆம் ஆண்டில் இம்முறையை விவரித்தார். எக்ஸ்-கதிர் படத்தில், வளைவின் மேல் எல்லையில் மிகவும் சாய்ந்துள்ள முள்ளெலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு கோடும், கீழ் எல்லையில் மிகவும் சாய்ந்துள்ள முள்ளெலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி மற்றொரு கோடும் வரையப்படும். இவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்ட கோணமே கோப் கோணம் ஆகும். இது 10 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே பக்கவளைவு எனக் கொள்ளப்படும்.

ஒரே படத்தை இருவர் அளந்தாலும் சுமார் 5 பாகை வேறுபாடு வரலாம். எனவே 18 பாகையாக இருந்த வளைவு அடுத்த முறை 20 பாகை எனப் பதிவானால், வளைவு அதிகரித்துவிட்டது என உடனே முடிவு செய்ய இயலாது.

எஞ்சியுள்ள வளர்ச்சி

வளைவு அதிகரிக்குமா என்பதைத் தீர்மானிப்பதில் கோணத்தைப் போலவே எஞ்சியுள்ள வளர்ச்சியும் முக்கியமானது. இதை மதிப்பிட ரிசர் குறி பயன்படுகின்றது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் எலும்பாக மாறியுள்ள பகுதியைக் கொண்டு 0 முதல் 5 வரை இது அளவிடப்படுகின்றது. 0 என்றால் வளர்ச்சி பெருமளவு மீதமுள்ளது என்றும், 5 என்றால் வளர்ச்சி முடிந்துவிட்டது என்றும் பொருள்.

லோன்ஸ்டைன், கார்ல்சன் ஆகியோர் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்தொடர்பைத் தெளிவாகக் காட்டுகின்றது. 20 முதல் 29 பாகை வரை வளைவும், ரிசர் குறி 0 அல்லது 1 ஆகவும் இருந்தவர்களில் 68 விழுக்காட்டினருக்கு வளைவு அதிகரித்தது. அதே அளவு வளைவுடன் ரிசர் குறி 2 முதல் 4 வரை இருந்தவர்களில் 23 விழுக்காட்டினருக்கே அது அதிகரித்தது. 19 பாகைக்கு உட்பட்ட வளைவுகளில் இவ்விழுக்காடுகள் முறையே 22, 1.6 ஆகும். ஒரே அளவு வளைவு உள்ள இரு மாணவிகளுக்கு இருவேறு அறிவுரைகள் வழங்கப்படுவதற்கு இதுவே காரணம்.

விரல்நுனி நடனத்தின் இயல்பு

பாலே நடனக் கலைஞர்கள் விரல்நுனியில் நிற்பது 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழக்கத்துக்கு வந்தது. 1832 ஆம் ஆண்டில் பாரிசில் அரங்கேறிய லா சில்ஃபீடு என்ற பாலேயில் மாரி தாலியோனி ஆடியதன் பின் இது வெறும் வித்தையாக இல்லாமல் நடனமொழியின் பகுதியாக மாறியது. அவரது காலணிகள் மென்மையானவை. முனை கெட்டியாக்கப்பட்ட காலணிகள் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் உருவாயின. மரபான காலணியின் முனை, துணியும் தாளும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டுக் கூடு போல அமைக்கப்படுகின்றது. அடிப்பகுதியில் பாதத்தைத் தாங்க விறைப்பான தகடு ஒன்று இருக்கும். மேலே சாட்டின் துணி போர்த்தப்படும்.

நுனிக்காலில் நிற்பதும் விரல்நுனியில் நிற்பதும் ஒன்றல்ல. நுனிக்காலில் நிற்கும்போது குதிகால் உயர்ந்தாலும், விரல்களும் அவற்றை ஒட்டிய பாதத்தின் முன்பகுதியும் தரையில் பரந்திருக்கும். விரல்நுனியில் நிற்கும்போது காலணி முனையின் தட்டையான சிறு பரப்பு மட்டுமே தரையைத் தொடும். எடுத்துக்காட்டாக, தரையைத் தொடும் பாதத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றும், காலணி முனையின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்றும் கொண்டால், அதே எடைக்கு அழுத்தம் பத்து மடங்காகின்றது.

அழுத்தத்தை விடச் சமநிலையே இங்கு பெரிய சிக்கல். ஒரு பொருள் கவிழாமல் நிற்க வேண்டுமானால், அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையப்படும் கோடு அதன் தாங்கு பரப்புக்குள் விழ வேண்டும். ஒற்றைக் காலில் விரல்நுனியில் நிற்கும் மாணவியின் தாங்கு பரப்பு சில சென்டிமீட்டர் அகலமே உடையது. தலை, மார்புக்கூடு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் அனைத்தும் அச்சிறு பரப்புக்கு மேலே அமைய வேண்டும்.

பக்கவளைவு நடனத்தில் ஏற்படுத்தும் விளைவுகள்

பக்கவளைவு உள்ள உடலில் மார்புக்கூடு இடுப்புக்கு நேர்மேலே இல்லாமல் ஒரு பக்கம் விலகியிருக்கலாம். தட்டைப் பாதத்தில் நிற்கும்போது இந்த விலகலை உடல் எளிதாக ஈடுசெய்துவிடும். விரல்நுனியில் அதற்கு இடம் மிகக் குறைவு. இதனால் ஒரு காலில் உறுதியாக நிற்கும் மாணவி மறு காலில் தடுமாறலாம். ஒரு பக்கம் சுழல்வது எளிதாகவும் மறுபக்கம் சுழல்வது கடினமாகவும் இருக்கலாம்.

கீழ்முதுகில் வளைவு இருப்பின் இடுப்பு ஒரு பக்கம் உயர்ந்து, கால்களின் நீளம் வேறுபடுவது போலத் தோன்றலாம். உண்மையாகவே கால் நீளம் வேறுபடுவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் பணியாகும். நீளக் குறைவுக்காக அன்றாடக் காலணியின் குதியில் வைக்கப்படும் உயர்த்தி விரல்நுனியில் நிற்கும்போது பயன்படாது. அப்போது குதிகால் எடையைத் தாங்குவதே இல்லை.

ஒரு காலைப் பின்னே உயர்த்தும் அரபெஸ்க் நிலையில் முதுகெலும்பு பின்னோக்கி வளைவதுடன் சற்றே திரும்பவும் வேண்டும். ஏற்கெனவே முறுக்கியுள்ள முதுகெலும்பு ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் அரிதாகவும் திரும்பும். எனவே இரு பக்கத்து அரபெஸ்க்கும் ஒரே உயரத்தில் அமையாமல் போகலாம். இதைச் சோம்பல் அல்லது கவனக்குறைவு என ஆசிரியர் தவறாக எண்ணக்கூடும். இரு பக்கமும் ஒன்றாக்குமாறு வற்புறுத்தினால், மாணவி வளையாத மேல்முதுகுக்குப் பதிலாகக் கீழ்முதுகை மிகையாக வளைத்து அதற்குத் தீங்கு விளைவித்துக்கொள்ளலாம்.

பாலே ஆடுவோரிடையே பக்கவளைவு

பாலே ஆடுவோரிடையே பக்கவளைவு பொதுமக்களை விட மிகுதியாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. 1986 ஆம் ஆண்டில் மிசெல் வாரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறைப் பாலே கலைஞர்கள் 75 பேரில் 24 விழுக்காட்டினருக்குப் பக்கவளைவு இருந்தது. அவ்வாறு இருந்தவர்களில் 83 விழுக்காட்டினர் 14 வயதிலோ அதற்குப் பின்னரோ பூப்படைந்தவர்கள். பக்கவளைவு இல்லாதவர்களில் இது 54 விழுக்காடு. 2014 ஆம் ஆண்டில் வெளியான ஆத்திரேலிய ஆய்வு ஒன்று 9 முதல் 16 வயது வரையிலான பாலே மாணவிகள் 30 பேரையும், நடனம் ஆடாத அதே வயதினர் 30 பேரையும் ஒப்பிட்டது. நடனம் ஆடுவோரில் 30 விழுக்காட்டினரிடமும் ஆடாதோரில் 3 விழுக்காட்டினரிடமும் பக்கவளைவு காணப்பட்டது. பல்கேரியாவில் 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, சீரிசைச் சீருடற்பயிற்சி செய்யும் சிறுமிகளிடமும் இது சுமார் பத்து மடங்கு மிகுதியாக இருப்பதைக் கண்டது.

இம்முடிவுகளிலிருந்து பாலே நடனமே பக்கவளைவை உண்டாக்குகின்றது எனக் கூற இயலாது. இயல்பிலேயே மெலிந்த உடலும், நெகிழ்வான மூட்டுகளும், தாமதமான பூப்பும் உடையவர்களே பாலே பள்ளிகளில் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இப்பண்புகள் பக்கவளைவுடனும் தொடர்புடையவை. எனினும் தாமதமான பூப்பு தனிக்கவனம் பெற வேண்டிய ஒன்று. பூப்பு தள்ளிப்போகும்போது எலும்பு முதிர்ச்சியும் தள்ளிப்போகின்றது. அதாவது, வளைவு அதிகரிக்கக்கூடிய காலம் நீள்கின்றது. 14 வயதான மாணவியின் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்திருக்கும் என்ற பொதுக்கணக்கு பாலே மாணவிக்குப் பொருந்தாமல் போகலாம்.

கண்டறிதல்

பக்கவளைவு தொடக்கத்தில் பெரும்பாலும் வலி தருவதில்லை. எனவே குழந்தை அதை உணர்வதில்லை. தளர்வான உடைகள் அணியும் வயதில் பெற்றோரும் குழந்தையின் முதுகைப் பார்ப்பது அரிது. உடலோடு ஒட்டிய உடையில் மாணவியை வாரந்தோறும் பார்ப்பவர் என்ற வகையில், நடன ஆசிரியரே இதை முதலில் கவனிக்கும் வாய்ப்புப் பெற்றவர். ஆசிரியரின் கண்ணில் படக்கூடிய அறிகுறிகள் பின்வருமாறு:

- ஒரு தோள் மற்றதை விட உயர்ந்திருத்தல்
- ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு புடைத்துத் தெரிதல்
- இடையின் இரு பக்க வளைவுகளும் வேறுபடுதல். கைக்கும் இடைக்கும் நடுவிலுள்ள இடைவெளி சமமின்மை
- இடுப்பு ஒரு பக்கம் உயர்ந்திருத்தல்
- முன்பு சமமாகச் செய்த அசைவு சில மாதங்களில் ஒரு பக்கம் மட்டும் கடினமாதல்

இவற்றை உறுதி செய்ய ஆடம்சு முன்குனிவுச் சோதனை உதவுகின்றது. ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்சு 1865 ஆம் ஆண்டில் இதை விவரித்தார். கால்களைச் சேர்த்து, முழங்கால்களை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டு முன்னே குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் பக்கவளைவு இருக்கலாம். கோப் கோணத்தை அளந்து உறுதி செய்ய எக்ஸ்-கதிர் படம் தேவை. பயிற்சி பெற்ற மாணவி கண்ணாடி முன் தன் தோள்களைச் சமமாக நிறுத்தப் பழகியிருப்பாள். ஆகவே நிற்கும் தோற்றத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வது போதாது.

ஐயம் எழுந்தால் ஆசிரியர் அதைப் பிற மாணவிகள் முன்னிலையில் கூறாமல், பெற்றோரிடம் தனியே தெரிவிப்பது நல்லது. நடனத்திலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தால் மாணவி தன் நிலையை மறைக்க முற்பட்டால், மருத்துவத்துக்கு ஏற்ற காலம் வீணாகிவிடும்.

விரல்நுனி நடனம் தொடங்குவதற்கான தகுதி

விரல்நுனி நடனத்தை எப்போது தொடங்கலாம் என்பது குறித்து நடன மருத்துவ வல்லுநர்களான வைசு, ரிசுட்டு, கிராசுமன் ஆகியோர் 2009 ஆம் ஆண்டில் வழிகாட்டுதல்களை வெளியிட்டனர். அவற்றின் சாரம் பின்வருமாறு:

- 12 வயதுக்கு முன் தொடங்கலாகாது.
- கணுக்காலும் பாதமும் போதிய அளவு கீழ்நோக்கி வளையாத மாணவியையும், கால்களின் நேரமைவு சரியில்லாத மாணவியையும் அனுமதிக்கலாகாது.
- உடற்பகுதி, இடுப்பு, கால் ஆகியவற்றின் தசைகள் வலுவற்றிருந்தால் தள்ளிப்போட்டு, வலுவூட்டும் பயிற்சி அளிக்க வேண்டும்.
- கணுக்காலும் பாதமும் மிகையாக நெகிழ்ந்தால் தள்ளிப்போட்டு, வலுவூட்ட வேண்டும்.
- வாரம் ஒரு வகுப்பு மட்டுமே செல்பவர்களை ஊக்குவிக்கலாகாது.
- 8 வயதிலோ அதற்குப் பின்னரோ நடனம் தொடங்கி வாரம் இரு வகுப்புகள் செல்பவர்கள் நான்காம் ஆண்டுக்கு முன் தொடங்கலாகாது.

12 வயது என்பது குறைந்த எல்லை மட்டுமே. அந்த வயதை எட்டியதே தகுதி ஆகிவிடாது. 2010 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, வயதை விடச் செயல்சார்ந்த சோதனைகள் மாணவியின் ஆயத்த நிலையை நன்கு காட்டுவதாகக் கண்டது. ஒற்றைக் காலில் நின்று உடலைத் தரைக்கு இணையாகச் சாய்த்து முழங்காலை மடக்கி நிமிர்தல், ஒற்றைக் காலில் நேரமைவு குலையாமல் தொடர்ந்து குதித்தல், ஒற்றைக் காலில் தடுமாறாமல் ஒரு முறை சுழன்று நிற்றல் ஆகியவை அச்சோதனைகளில் சில.

பக்கவளைவு உள்ள மாணவிக்கும் இதே அளவுகோல்களே பொருந்தும். எனினும் ஒவ்வொரு சோதனையையும் இரு கால்களிலும் தனித்தனியே செய்து பார்ப்பது இங்கு இன்றியமையாதது. இரு பக்கத்துக்கும் சராசரி காண்பதில் பொருளில்லை; வலுக்குறைந்த பக்கமே தகுதியைத் தீர்மானிக்க வேண்டும். வேக வளர்ச்சிப் பருவத்தில் எலும்புகள் விரைந்து நீள்வதால், எல்லா மாணவிகளுக்குமே தசைக் கட்டுப்பாடும் சமநிலையும் தற்காலிகமாகக் குறையலாம். இப்பருவத்தில் வளைவும் அதிகரிக்கும் மாணவிக்குச் சில மாதங்கள் காத்திருந்து மீண்டும் சோதிப்பது இழப்பு ஆகாது.

மருத்துவமும் நடனப் பயிற்சியும்

கண்காணிப்பு

வளர்ச்சி எஞ்சியுள்ள நிலையில் 25 பாகைக்குக் குறைவான வளைவுகளுக்குப் பொதுவாகக் கண்காணிப்பே போதுமானது. சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிப்பார். இந்நிலையில் நடனத்தை நிறுத்தத் தேவையில்லை. உடற்பயிற்சியும் விளையாட்டும் பக்கவளைவு உள்ளவர்களுக்கு ஊக்குவிக்கப்படுகின்றன.

முதுகுக்கவசம்

வளர்ச்சி எஞ்சியிருக்கும்போது வளைவு 25 முதல் 40 பாகை வரை இருந்தால், பிரேஸ் எனப்படும் முதுகுக்கவசம் பரிந்துரைக்கப்படுவது வழக்கம். கவசம் இருக்கும் வளைவை நீக்குவதற்காக அன்று. வளைவு மேலும் அதிகரிப்பதைத் தடுப்பதற்காகவே அணியப்படுகின்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடைபெற்று 2013 ஆம் ஆண்டில் வெளியான பெரும் ஆய்வு ஒன்றில், கவசம் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினர் வளைவு 50 பாகையை எட்டாமலே வளர்ச்சியை நிறைவு செய்தனர். கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் இது 48 விழுக்காடு. நாள்தோறும் சராசரியாக 12.9 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் வெற்றி 90 விழுக்காட்டை எட்டியது.

கவசம் உடற்பகுதியை அசையாமல் பிடித்துக்கொள்வதால் அதை அணிந்து பாலே ஆடுவது கடினம். பெரும்பாலான மருத்துவர்கள் வகுப்பு நேரத்தில் அதைக் கழற்ற அனுமதிக்கின்றனர். மேற்கூறிய ஆய்வில் நாளொன்றுக்குக் குறைந்தது 18 மணி நேரம் அணியுமாறு அறிவுறுத்தப்பட்டது. இதன்படி கவசம் இன்றி இருக்க 6 மணி நேரம் கிடைக்கின்றது. 3 மணி நேரப் பயிற்சியும், குளியல், உடைமாற்றம் ஆகியவற்றுக்கு 1 மணி நேரமும் போக 2 மணி நேரம் மீதமிருக்கும். எனவே கவசமா, நடனமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. பள்ளியிலும் நண்பர்களிடையேயும் அதை அணியக் கூச்சப்பட்டுக் கழற்றி வைத்தால் கவசத்தின் பயன் குறையலாம். ஒத்திகைகள் மிகும் நிகழ்ச்சிக் காலங்களில் மட்டும் மணிக்கணக்கு தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறப்பு உடற்பயிற்சிகள்

வளைவின் வடிவத்துக்கு ஏற்ப அமைக்கப்படும் மூச்சுப் பயிற்சிகளையும் தோரணைப் பயிற்சிகளையும் செருமனியைச் சேர்ந்த கத்தரீனா சுரோத் 1920களில் உருவாக்கினார். இவற்றை இயன்முறை மருத்துவர் வழியாகக் கற்க வேண்டும். பாலே பயிற்சியும் உடலை வலுப்படுத்துகின்றது எனினும், அது இப்பயிற்சிகளுக்கு மாற்று ஆகாது.

அறுவை மருத்துவம்

45 முதல் 50 பாகையைத் தாண்டும் வளைவுகளுக்கு அறுவை மருத்துவம் கருதப்படுகின்றது. உலோகத் தண்டுகளையும் திருகாணிகளையும் பொருத்தி முள்ளெலும்புகளை ஒன்றாக இணைப்பதே நெடுநாளைய முறை. இணைக்கப்பட்ட பகுதி பின்னர் வளையாது. மார்புப் பகுதி இயல்பிலேயே குறைவாக வளைவதால் அங்கு இழப்பு சிறிது. இணைப்பு கீழ்முதுகு வரை நீளும்போது அரபெஸ்க், பின்வளைவு ஆகியவை வெகுவாகக் குறைகின்றன. எனவே நடனம் ஆடுபவர் என்பதை அறுவை மருத்துவரிடம் முன்பே தெரிவிப்பது அவசியம். முள்ளெலும்புகளை இணைக்காமல் நெகிழ்வான கயிற்றால் பிடித்து, வளர்ச்சியைக் கொண்டே வளைவைக் குறைக்கும் முறைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஆம் ஆண்டில் வரம்புக்குட்பட்ட ஒப்புதல் அளித்தது. இணைப்பு அறுவைக்குப் பின்னும் பலர் நடனத்துக்குத் திரும்புகின்றனர். திரும்பும் காலத்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வகுப்பறையில் கவனிக்க வேண்டியவை

பாலே வகுப்பில் பயிற்சிகள் வலம், இடம் என இருபுறமும் செய்யப்படுகின்றன. ஆயினும் நிகழ்ச்சிக்கான நடனங்களில் எளிதான பக்கமே திரும்பத் திரும்ப ஆடப்படுவதுண்டு. பக்கவளைவு உள்ள மாணவிக்கு வலுக்குறைந்த பக்கத்தை முதலில், களைப்பு ஏற்படும் முன் பயிற்றுவிப்பது பயன் தரும். விரல்நுனிப் பயிற்சி கைப்பிடிக் கம்பியைப் பற்றி, இரு கால்களிலும் நின்று, வகுப்பின் இறுதியில் சில நிமிடங்கள் என்ற அளவில் தொடங்கப்படுகின்றது. ஒற்றைக் கால் பயிற்சிக்கு மாறும் வேகம் இம்மாணவிக்குச் சற்று மெதுவாக அமையலாம்.

தொடரும் முதுகுவலியைப் பக்கவளைவின் இயல்பான விளைவு என ஒதுக்கிவிடலாகாது. முதுகைப் பின்னோக்கி மிகுதியாக வளைக்கும் நடனக் கலைஞர்களுக்குக் கீழ்முதுகு முள்ளெலும்பில் அழுத்தமுறிவு ஏற்படுவதுண்டு. இரவில் எழுப்பும் வலி, கால்களில் மரத்துப்போதல், வலுவிழத்தல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

உணவும் பூப்பும்

செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாத மாணவிக்கு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்து, பூப்பு தள்ளிப்போகலாம். தொடங்கிய மாதவிடாய் நின்றும் போகலாம். இதனால் எலும்பின் அடர்த்தி குறைந்து முறிவுகளுக்கு வழிவகுக்கின்றது. வாரன் குழுவினரின் ஆய்வில் எலும்பு முறிவும் தாமதமான பூப்புடன் தொடர்புடையதாகக் காணப்பட்டது. 15 வயது நிறைந்தும் பூப்படையாத மாணவியும், மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் நின்ற மாணவியும் மருத்துவப் பரிசோதனை பெற வேண்டும். மெலிந்த உடலுக்காக உணவைக் குறைப்பது பக்கவளைவு உள்ள மாணவிக்கு விரல்நுனிக் காலணியை விடப் பெரிய இடராக அமையலாம்.

பக்கவளைவுடன் ஆடிய கலைஞர்

அமெரிக்கப் பாலே கலைஞர் வெண்டி வீலன் 1967 ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிறந்தார். 12 வயதில் அவருக்குப் பக்கவளைவு இருப்பது கண்டறியப்பட்டது. மருத்துவம் பெற்றுக்கொண்டே அவர் நடனப் பயிற்சியைத் தொடர்ந்தார். 1986 ஆம் ஆண்டில் நியூயார்க் சிட்டி பாலே குழுவில் சேர்ந்து, 1991 ஆம் ஆண்டில் முதன்மைக் கலைஞரானார். 2014 ஆம் ஆண்டில் அக்குழுவின் மேடையிலிருந்து விடைபெற்ற அவர், 2019 ஆம் ஆண்டில் அதன் துணைக் கலை இயக்குநராகப் பொறுப்பேற்றார். ஒருவரின் வெற்றி எல்லோருக்கும் பொருந்தும் விதி ஆகாது. எனினும் பக்கவளைவு கண்டறியப்படுவதே நடன வாழ்வின் முடிவு அன்று என்பதற்கு இது சான்றாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- முதுகெலும்பு
- பாலே
- இயன்முறை மருத்துவம்
- பூப்பு